பால் சங்கத்தில் கணிப்பொறி: கணக்கு யார் கையில்?

விடியற்காலையில் பால் சங்கத்து வாசலில் தூக்குப் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் பெண்மணிக்கு, தான் ஊற்றிய பாலின் அளவு அப்போதே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பாலுக்கு என்ன தரம் போட்டார்கள், லிட்டருக்கு என்ன விலை கிடைத்தது என்பது பட்டுவாடா நாளன்றுதான் தெரியும். நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்து வந்த நிலைமை இதுவே. அதற்குள் அந்தப் பால் நகரத்தில் காப்பியாகிக் குடித்தும் முடிந்திருக்கும். தரத்தில் ஐயம் இருந்தாலும் எதைக் காட்டிக் கேட்பது?

இன்று பல சங்கங்களில் மின்னணு எடைமேடையும், பால் பரிசோதனைக் கருவியும், அவற்றோடு இணைந்த கணிப்பொறியும் வந்துவிட்டன. பாத்திரத்தைக் காலி செய்த ஒரு நிமிடத்துக்குள் அளவு, கொழுப்புச் சத்து, கொழுப்பில்லாத இதர திடப்பொருள், விலை ஆகிய நான்கும் அச்சிட்ட சீட்டாகக் கைக்கு வருகின்றன. சில இடங்களில் கைப்பேசிக்கும் செய்தி போய்விடுகிறது. இதே கருவிகள் தனியார் கொள்முதல் நிலையங்களிலும் இருக்கின்றன. அப்படியிருக்க, கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் கருவிக்குத் தனிச் சிறப்பு ஏதும் உண்டா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. விடை தேட, இம்முயற்சியில் முந்திக்கொண்ட குஜராத்தின் சரோதர் பகுதியைப் பார்ப்பது பயன் தரும்.

பதினைந்து நாள் பால் நிறுத்தம்

ஆனந்த் நகரைச் சுற்றியுள்ள செழிப்பான சமவெளிக்குச் சரோதர் என்று பெயர். முன்பு கேடா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1945ஆம் ஆண்டில் பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்பும் திட்டம் வந்தபோது, இப்பகுதியில் பால் கொள்முதல் செய்யும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. விலையையும் தரத்தையும் வாங்குபவரே முடிவு செய்தார். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூடிய விவசாயிகள், தங்கள் சங்கத்தின் மூலம் அல்லாமல் யாருக்கும் பால் தருவதில்லை என்று தீர்மானித்துப் பதினைந்து நாட்கள் பாலை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். 1949இல் வர்கீஸ் குரியன் அங்கு சேர்ந்தார். இரண்டே கிராமச் சங்கங்களோடும் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலோடும் தொடங்கிய அமைப்பு அது.

கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம் என்ற மூன்றடுக்கு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. 1981 முதல் தமிழ்நாட்டில் ஆவின் இயங்குவதும் இந்த ஆனந்த் முறையில்தான்.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததே. அவ்வளவாகத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1990களிலேயே, நம் ஊர்களில் கணிப்பொறியைப் பலர் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில், அந்தக் கிராமச் சங்கங்கள் பால் வாங்கும் மேசைக்குக் கணிப்பொறியைக் கொண்டுவந்துவிட்டன. நகரத்துப் பெரிய நிறுவனம் எதுவும் வந்து வைத்ததன்று. வரிசையில் நிற்கும் நேரமும் தரத்தைப் பற்றிய சச்சரவும் குறைய வேண்டும் என்ற சங்கங்களின் தேவையே அதற்குக் காரணம்.

புள்ளியில் போகும் பணம்

பழைய கெர்பர் முறையில், சோதனைக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கி, சுழல் இயந்திரத்தில் சுற்றிப் பிரிந்த கொழுப்பை அளவுக் கோட்டில் படிப்பார்கள். முறை மிகச் சரியானது. ஆனால் ஒரு வேளைக்கு இருநூறு பேர் பால் ஊற்றும் ஊரில் ஒவ்வொருவர் பாலையும் இப்படிச் சோதிக்க எந்தச் செயலாளருக்குக் கை ஓடும்? எனவே பல சங்கங்களில் பால்மானியைப் போட்டு 'டிகிரி' மட்டும் பார்த்தார்கள். அல்லது எல்லாருடைய பாலையும் ஒன்றாகக் கொட்டி, குளிரூட்டும் நிலையத்தில் கிடைத்த சராசரித் தரத்துக்கே அனைவருக்கும் பணம் போட்டார்கள். இதில் நல்ல தீவனம் போட்டவர் நட்டப்பட்டார். தண்ணீர் கலந்தவர் தப்பித்துக்கொண்டார்.

கொழுப்பில் சிறு வித்தியாசம் எவ்வளவு பணம் என்பதை ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். எருமை வளர்க்கும் ஒருவர் வேளைக்கு 6 கிலோ பால் ஊற்றுகிறார், கொழுப்புச் சத்து 7 சதவீதம், ஒரு கிலோ கொழுப்புக்கு 800 ரூபாய் விலை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பாலிலுள்ள கொழுப்பு 420 கிராம். அதற்கு 336 ரூபாய். கருவியோ அதை இயக்குபவரோ 7க்குப் பதில் 6.6 என்று காட்டினால் கிடைப்பது 316 ரூபாய் 80 காசு. வேளைக்கு 19 ரூபாய் 20 காசு குறைகிறது. இரு வேளைக்கு 38 ரூபாய் 40 காசு. முப்பது நாளைக்கு 1,152 ரூபாய். ஒரு மூட்டைத் தீவனம் வாங்க வேண்டிய பணம் ஒரு புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தில் போய்விடுகிறது.

ஆகவே சீட்டு அச்சாகி வந்துவிட்டதாலேயே அது உண்மை என்று கொள்வதற்கில்லை. இன்று பரவலாக உள்ள கருவிகள் ஒலியலைகளைப் பாலுக்குள் செலுத்தித் தரத்தைக் கணிப்பவை. கறந்த சூட்டோடு நுரையும் காற்றுக் குமிழிகளுமாக உள்ள பாலை வைத்தால் அளவு பிசகும். நன்கு கலக்காமல் மேலாக எடுத்த மாதிரியும் தவறான விலையைத் தரும். கருவியின் மெல்லிய குழாயில் கொழுப்புப் படிந்தாலும் இப்படியே. ஒவ்வொரு வேளை முடிந்ததும் கழுவுவதும், தயாரிப்பாளர் குறித்த கரைசலால் தவறாமல் சுத்தம் செய்வதும், குறிப்பிட்ட நாட்களில் சில மாதிரிகளைக் கெர்பர் முறையிலும் சோதித்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் இன்றியமையாதவை. அந்தப் பழைய சுழல் இயந்திரத்தைப் பரணில் போட்டுவிட்ட சங்கங்கள் அதைக் கீழே இறக்குவது நலம்.

பால் உற்பத்தியாளர் பக்கமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் கறக்கும் பாலைவிடக் கடைசியாகக் கறக்கும் பாலில் கொழுப்பு மிக அதிகம். மடியில் மிச்சம் வைத்துக் கன்றுக்கு விடுபவர்கள், கன்றை முதலில் ஊட்டவிட்டுப் பிறகு முழுமையாகக் கறந்தால் சீட்டில் வித்தியாசம் தெரியும்.

கருவி ஒன்றுதான், சொந்தக்காரர் வேறு

இனி, தொடக்கத்துக் கேள்விக்கு வருவோம். தனியார் நிலையத்திலும் சீட்டு வருகிறது. சில இடங்களில் பணமும் விரைவாக வருகிறது. அவசரத்துக்கு முன்பணமும் கிடைக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் பட்டுவாடாவை இழுத்தடிக்கும்போது விவசாயி அங்கே போவதைக் குறை சொல்ல முடியாது. தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்த வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. இதை மறைத்துக் கூட்டுறவைப் புகழ்வதால் பயனில்லை.

ஆனால் சீட்டில் அச்சாகும் விலைப் பட்டியலை யார் வகுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். தனியாரிடம் அது நிறுவனத்தின் முடிவு. மாற்றிவிட்டுப் பிறகு தெரிவித்தாலும் கேட்க இடமில்லை. கூட்டுறவில் உறுப்பினருக்கு ஒரு வாக்கு உண்டு. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குத்தான். கணக்கு தணிக்கைக்கு உட்பட்டது. ஆண்டு முடிவில் மிஞ்சும் இலாபத்திலிருந்து, ஊற்றிய பாலின் மதிப்புக்கேற்ப உறுப்பினருக்குப் பங்கு வர வழியுண்டு.

இன்னொன்று, பலரும் எண்ணிப் பாராதது. யார் வீட்டில் எத்தனை லிட்டர், எந்த மாதத்தில் கறவை வற்றுகிறது, தரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற விவரமெல்லாம் கணிப்பொறியில் ஆண்டுக்கணக்கில் சேருகிறது. கடன் கொடுப்பவருக்கும், தீவனம் விற்பவருக்கும், மாட்டுக் காப்பீடு செய்பவருக்கும் இது விலை மதிப்புள்ள சரக்கு. விவசாயி பாலை விற்கிறார். கூடவே இந்த விவரத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். சங்கத்தின் கணிப்பொறியில் இருக்கும் விவரம் உறுப்பினர்களுடைய பொதுச் சொத்து. சினை பிடிக்காத மாட்டுக்கு மருத்துவரை அனுப்பவும், குறைந்த வட்டிக் கடனுக்குச் சான்று காட்டவும் அதைப் பயன்படுத்தலாம். குஜராத் ஒன்றியங்கள் பல ஊர்களில் இதைச் செய்து காட்டியுள்ளன. அம்மாநில இணையத்தின் கீழ் இன்று 18,000க்கும் மேற்பட்ட கிராமச் சங்கங்களும் சுமார் 36 லட்சம் உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள் என்றால், அவ்வளவு பேருடைய விவரமும் வெளியார் கையில் இல்லை என்பதே பெரிய வலிமை.

மாலைக் காசு போன இடம்

சரோதர் கிராமங்களில் காலைப் பாலுக்கு மாலையில் ரொக்கம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பாலைக் கறந்து ஊற்றுபவள் பெண். காசும் அவள் கைக்கே வந்தது. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாமற்போன பிறகு, பால் பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. பணம் பத்திரமாயிற்று, செயலாளர் நோட்டை எண்ணும் வேலை ஒழிந்தது. ஆனால் கணக்கு கணவர் பெயரில் இருந்த வீட்டில் அந்த மாலைக் காசு அவள் முந்தானையை விட்டுப் போய்விட்டது. தன் பெயரில் கணக்கு உள்ளவளும் வங்கி இருக்கும் ஊருக்குப் பேருந்தில் போய் வர வேண்டியதாயிற்று.

இந்தக் குறையை நீக்க, 2023இல் பனாஸ்காண்டா, பஞ்ச்மகால் மாவட்டங்களில் ஒரு முயற்சி தொடங்கியது. பால் சங்கங்கள் மாவட்டக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைக்கும். வங்கி சங்கத்துக்கே ஒரு சிறு பணம் வழங்கும் கருவியைத் தரும். உறுப்பினர் அட்டையைக் காட்டிப் பால் ஊற்றும் இடத்திலேயே பணம் பெறலாம். ஒரு கூட்டுறவுக்கு இன்னொரு கூட்டுறவு கை கொடுக்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டுச் சங்கங்களும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் கூடிப் பேசத் தக்க விஷயம். அதற்கு முன்பு, செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாட்டைப் பராமரிக்கும் பெண்ணின் பெயரிலேயே உறுப்பினர் பதிவும் வங்கிக் கணக்கும் இருக்கும்படி மாற்றுவதுதான் அது.

திரூரிலிருந்து தொடங்கிய பேரேடு

பாலோடு நில்லாமல் கடன் சங்கங்களுக்கும் கணிப்பொறி வருகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணிப்பொறி மயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான கணக்கு முறையை அமைக்கும் பொறுப்பு நபார்டு வங்கியுடையது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய கிராமக் கடன் சங்கம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான் ஏற்பட்டது. டி.கே.எம். நெல் ரகங்களால் உழவர்கள் அறிந்த அதே ஊர். அங்கே தொடங்கிய பேரேட்டு எழுத்து இப்போது திரைக்கு மாறுகிறது. பயிர்க் கடன், நகைக் கடன் நிலுவையை உறுப்பினர் எந்த நாளிலும் கேட்டு அச்சிட்டு வாங்கிக்கொள்ள முடியுமானால்தான் இம்மாற்றத்தால் அவருக்குப் பயன். மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப மட்டும் கணிப்பொறி இருந்தால், அது பூட்டிய பீரோவுக்குச் சமம்.

பூ விவசாயிகளுக்கும் இதில் செய்தி உண்டு. ஹாலந்து நாட்டின் ஆல்ஸ்மீர் நகரத்து மலர் ஏலம் உலகப் புகழ் பெற்றது. 1911இல் பூ வளர்ப்போரே கூடித் தொடங்கியது. இன்றும் அவர்களுடைய கூட்டுறவுக்கே சொந்தம். ஏலக் கடிகாரத்தின் முள் உயர்ந்த விலையிலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்கு. இப்போது வியாபாரிகள் ஏலக் கூடத்துக்கு வராமலே தங்கள் அலுவலகத்திலிருந்து கணிப்பொறி வழியாக அழுத்துகிறார்கள். ஏலம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனபோதும், ஏல மேடை வளர்ப்போருடையதாகவே இருக்கிறது. கமிஷன் மண்டியில் மல்லிகையைக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருக்கும் நிலக்கோட்டை, தோவாளை விவசாயிகள் இதன் அருமையை உடனே உணர்வார்கள்.

பேரவையில் கேட்க வேண்டியவை

கருவி வாங்குமுன் சங்கங்கள் சிலவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. சேரும் விவரம் சங்கத்துக்கே சொந்தம், அதன் அனுமதியின்றி விற்கக்கூடாது, கருவி விற்றவரை மாற்றினாலும் பழைய கணக்கு முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பவை முக்கியமானவை. மின்சாரம் நின்றால் இயங்க மின்கலம் வேண்டும். அச்சிடும் தாள் தீர்ந்துவிட்டது என்று சீட்டு கொடுக்காத நாட்கள் பெருகினால், ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள். சீட்டு தமிழில் இருக்க வேண்டியது மிக அவசியம். ஆங்கில எழுத்துச் சுருக்கங்களுடன் வரும் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போவதோடு பலருக்கு அதன் பயன் முடிந்துவிடுகிறது.

ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குப் போகும் உறுப்பினர்கள், பட்டுவாடா தாமதத்தைப் பற்றிக் கேட்பதோடு, பரிசோதனைக் கருவியைக் கடைசியாகக் கெர்பர் முறையோடு ஒத்துப் பார்த்த தேதி எது, அன்று வித்தியாசம் எவ்வளவு இருந்தது என்றும் கேட்க வேண்டும். அந்தத் தேதியையும் வித்தியாசத்தையும் பால் வாங்கும் மேசைக்கு மேலே உள்ள கரும்பலகையில் எழுதி வைக்கும்படி தீர்மானம் போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு கேட்க வேண்டிய தேவை இராது.