ஆங்கிலத்தில் பிளவு வாக்கியம்

பிளவு வாக்கியம் என்பது ஒரு தனிவாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கும் வாக்கிய அமைப்பு ஆகும். இப்பெயரை வழங்கியவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ எஸ்பர்சன் (1860–1943).

'ரவி புரோக் த விண்டோ' (ரவி ஜன்னலை உடைத்தான்) என்பது தனிவாக்கியம். இதைப் பிளந்தால் 'இட் வாஸ் ரவி ஹூ புரோக் த விண்டோ' என்றாகும். தொடக்கத்தில் வரும் 'இட்' எதையும் சுட்டுவதில்லை. எழுவாய் இடத்தை நிரப்புவதே அதன் வேலை. அடுத்து 'பி' வினையின் ஒரு வடிவம், பின்னர் அழுத்தம் பெறும் சொல், இறுதியில் 'ஹூ' அல்லது 'தட்' கொண்டு தொடங்கும் துணைவாக்கியம். அழுத்தம் பெறுவது பன்மையானாலும் 'இட் வாஸ் த பாய்ஸ்' என்றே வரும், 'இட் வேர்' என்று வராது.

இத்துணைவாக்கியம் பார்வைக்குப் பெயரெச்சத் தொடர் போலவே இருப்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. 'இட் வாஸ் த பாய் ஹூ புரோக் த விண்டோ' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. "ஜன்னலை உடைத்தது யார்?" என்ற கேள்விக்கு விடையானால் அது பிளவு வாக்கியம். "கதவைத் தட்டியது யார்?" என்பதற்கு விடையானால், 'ஜன்னலை உடைத்த அந்தப் பையன்' என்று பொருள்படும் சாதாரண வாக்கியமே.

பெயர்ச்சொல், முன்னிடைத் தொடர், 'யெஸ்டர்டே' போன்ற காலச்சொல் ஆகியவை அழுத்த இடத்தில் எளிதாக வரும். வினைமுற்று வராது. வினையை அழுத்த வேண்டுமானால் 'வாட் ரவி டிட் வாஸ் பிரேக் த விண்டோ' என்னும் போலிப் பிளவு வாக்கியம் பயன்படுகிறது. அயர்லாந்து ஆங்கிலம் இதில் தாராளமானது. ஐரிய மொழியின் தாக்கத்தால் பெயரடையைக்கூட அந்த இடத்தில் வைக்கும்.

பிளவு வாக்கியத்தில் துணைவாக்கியம் சொல்லும் செய்தி முன்பே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். எதிர்மறையாக்கினாலும் அது மாறாது. 'இட் வாஸ்'ன்ட் ரவி ஹூ புரோக் த விண்டோ' என்றால் ரவி தப்பினான், ஆனால் ஜன்னல் உடைந்தது உடைந்ததுதான். விசாரணையில் "வாஸ் இட் யூ ஹூ டுக் த மணி?" என்று கேட்கப்பட்டவர் வெறுமனே 'நோ' என்றால், பணம் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டவர் போல் ஆகிவிடுகிறார். பணம் எங்கும் போகவில்லை என்பது அவர் நிலையானால், அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

தமிழிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு: 'ஜன்னலை உடைத்தது ரவி.' ரவி உயர்திணை ஆண்பாலாக இருந்தும் 'உடைத்தது' என்றே வருவதைக் கவனிக்கலாம். 'உடைத்தது நான்', 'உடைத்தது அவர்கள்' என்றாலும் அது மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'இட்' செய்யும் வேலைக்குத் தமிழில் தனிச்சொல் தேவைப்படவில்லை. அழுத்தம் பெறும் சொல் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்வதும், வேண்டுமானால் 'தான்' சேர்வதும் போதும்.