ஷட்டர் விழுவது ஏன்?

கார்க் கதவின் உட்புறம் மழை படாத இடம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது நனையும் என்று தெரிந்தே கட்டிய இடம். கண்ணாடியின் வெளிப்பக்க இறப்பர் மழைநீரை முழுதாகத் தடுக்காது. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறும். ஷட்டரை, அதாவது கதவுக் கண்ணாடியை, ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் காலமெல்லாம் இந்த ஈரத்துக்குள்தான் வேலை செய்கிறது. மருதமுனை, கல்முனை, நிந்தவூர் தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. கச்சான் காலத்துப் புழுதியும் கரை மணலும் துளைகளை அடைத்துவிட்டால், மாரி மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஆகவே இந்தப் பக்கத்து வாகனங்களில் பழுதான ரெகுலேட்டரை மட்டும் மாற்றுவது பாதி வேலை என்றே சொல்வேன். அது ஏன் பழுதானது என்பதையும் கையோடு பார்க்க வேண்டும்.

ஜப்பான் கார்கள் பலவற்றில் இருப்பது கேபிள் வகை. சைக்கிள் பிரேக் கம்பி போன்ற மெல்லிய உருக்குக் கம்பி, மோட்டாரின் உருளையில் சுற்றி, மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் கப்பிகளில் ஓடி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்பை இழுக்கிறது. கண்ணாடி ஓடும் இறப்பர்த் தடம் காய்ந்து மணலும் பிடித்திருந்தால் கண்ணாடி இறுகும். மோட்டார் விடாமல் இழுக்க, துருவேறிய கம்பி இழை இழையாகப் பிரியும். ஒருநாள் 'டக்' என்று கண்ணாடி கதவுக்குள் விழும். கழற்றிப் பார்த்தால், அறுந்த இழைகள் உருளையைச் சுற்றிக் குருவிக்கூடு போலச் சிக்கிக் கிடக்கும். அதே காய்ந்த தடத்தில் புது ரெகுலேட்டரைப் பூட்டினால் அதற்கும் இதே கதிதான். சுவிட்சை அழுத்தும்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் பெரும்பாலும் கேபிளோ கிளிப்போ போயிருக்கும். சத்தமே இல்லாவிட்டால் முதலில் பியூசையும் சுவிட்சையும் பார்ப்பது நல்லது.

கம்பியை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்பார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை பழைய காரையே காப்பாற்றி ஓடிய குடும்பங்கள் இப்படிக் கேட்பது நியாயம். கப்பி வெடிக்காமல், கிளிப் ஓடும் தண்டவாளம் துருப்பிடிக்காமல் இருந்தால் கம்பி மட்டும் போதும். இல்லையென்றால் அந்தச் சிக்கனம் இரண்டாம் தரம் கதவைக் கழற்ற வைக்கும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய ரெகுலேட்டர் வாங்குவதிலும் தவறில்லை. கம்பியை விரலால் நீவி, இழை குத்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காய்ந்த தடத்து இறப்பரில் எஞ்சின் ஒயிலோ கிறீஸோ பூசினால் போதாதா என்றால், கூடாது. அவை இறப்பரை ஊத வைக்கும், மணலையும் பிடித்து வைக்கும். தடத்தை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கோன் ஸ்பிறே அடிக்க வேண்டும். கிறீஸ் தண்டவாளத்துக்கு மட்டும்.

கத்தரிக்கோல் போல விரியும் பழைய வகை ரெகுலேட்டர்கள் சிலவற்றில் சுருள்வில் ஒன்று முறுக்கேறி நிற்கும். ரெகுலேட்டரின் கையை அசையாதபடி பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் அது விரலைச் சிதைத்துவிடும். அந்த வேலையைக் கராஜில் விடுவதே சரி. எந்த வகையானாலும் கண்ணாடியை மேலே ஏற்றி டேப் ஒட்டிவிட்டுத்தான் கீழ்ப் போல்ட்டுகளைத் தொட வேண்டும். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிபவர்கள் உண்டு. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் சீட்டுப் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதைத் திரும்ப ஒட்ட வேண்டும். பலகையைப் பூட்டுமுன் கண்ணாடியோரமாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். கதவடியில் சொட்டாவிட்டால், துளையில் ஈர்க்குச்சி விட்டு மணலைக் குத்தி எடுத்துவிட்டு இன்னொரு குவளை ஊற்ற வேண்டும்.