காளை அரங்கும் அறச்சாலையும்

ஸ்பெயினிலும் ஸ்பானிய மொழி வழங்கும் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலும் காளைப்போர் பெரும்பாலும் தனியொரு நிகழ்ச்சியாக நடத்தப்படுவதில்லை. ஊர்க் காவலரான புனிதரின் திருநாளும் கால்நடைச் சந்தையும் கேளிக்கைகளும் ஒன்றுகூடும் ‘ஃபெரியா’ என்ற திருவிழாவின் உறுப்பாகவே அது வளர்ந்தது. செவில்யா நகரின் புகழ்பெற்ற ஏப்ரல் விழா 1847இல் கால்நடைச் சந்தையாகத்தான் தொடங்கியது. பாம்ப்லோனா நகரத்தார் அக்டோபரில் கொண்டாடிவந்த புனித ஃபெர்மீன் திருநாளை 1591இல் ஜூலைக்கு மாற்றியதற்கு, நல்ல வானிலையும் அம்மாதத்தில் கூடிவந்த சந்தையும் காரணங்களாயின.

சந்தையும் திருநாளும் கூட்டத்தைச் சேர்த்தன என்றால், அக்கூட்டம் தந்த பணம் எங்கே போயிற்று என்பதில்தான் இவ்விழாக்களின் நீண்ட ஆயுளுக்கு விடை இருக்கிறது. திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1567இலேயே காளைப்போரைத் தடைசெய்து ஆணையிட்டும், அத்தடை ஸ்பெயினில் நிலைக்கவில்லை. மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1785இல் காளையைக் கொல்லும் போட்டிகளை நாடெங்கும் விலக்கினார். ஆயினும், வருவாய் பொதுநலனுக்கோ அறப்பணிக்கோ போகும் என்று ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த ஊர்களுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு அளித்தார். அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதைச் சரகோசாவைப் பார்த்தால் உணரலாம்: அங்குள்ள அரங்கு, ஆதரவற்றோரைப் பேணிய கருணை இல்லத்துக்கு வருமானம் தேடித்தரவென்றே ராமோன் பிக்னதெல்லி என்பவரால் 1764இல் கட்டப்பட்டு, இன்றும் கருணை என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. 1766இல் பெரு நாட்டின் லிமாவில் எழுந்த ஆச்சோ அரங்கும் இன்று அந்நகரின் அறநிலையம் ஒன்றின் உடைமையே.

இவ்வேற்பாட்டை இன்றும் முழு உருவில் காணக்கூடிய இடம் பாம்ப்லோனா. அங்கே 1922இல் திறக்கப்பட்ட அரங்கு, 1706இல் நிறுவப்பட்டு இப்போது முதியோர் இல்லமாக இயங்கும் கருணை இல்லத்துக்குச் சொந்தமானது. குத்தகைக்காரர் எவரையும் இடையில் வைத்துக்கொள்ளாமல் இல்லமே காளைப்போர் விழாவை நடத்துகிறது. ஜூலை 7 முதல் 14 வரை நாள்தோறும் காலை எட்டு மணிக்கு ஆறு காளைகள், வழிகாட்டும் பழக்கிய எருதுகளோடு, தொழுவத்திலிருந்து அரங்குவரை ஏறத்தாழ 850 மீட்டர் தெருக்களில் விரட்டப்படுகின்றன. உலகெங்குமிருந்து வருவோர் முன்னே ஓடுவது இதில்தான்; பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் ஓட்டம் முடிந்துவிடும். அதே காளைகள் மாலையில் போட்டிக்கு வருகின்றன. வெயில் விழும் பக்கத்து இருக்கைகளை நிறைக்கும் கொண்டாட்டக் கழகத்தார் மேளதாளத்தோடு பாடிக்கொண்டேயிருந்து, மூன்றாம் காளை விழுந்ததும் கொண்டுவந்த பாத்திரங்களைத் திறந்து உண்ணத் தொடங்குவார்கள். நிழற்பக்கத்தில் கட்டணம் கூடுதல், ஆரவாரம் குறைவு.

‘கொர்ரீதா’ எனப்படும் முறையான போட்டியில் மூன்று வீரர்கள் ஆளுக்கு இரண்டாக ஆறு காளைகளை எதிர்கொள்கிறார்கள். நான்கு வயது நிறைந்து ஆறு வயதுக்கு உட்பட்ட, போருக்கென்றே தனி இனமாக வளர்க்கப்படும் இக்காளைகள் முதல்தர அரங்குகளில் குறைந்தது 460 கிலோ எடை இருத்தல் வேண்டும். முதற்கட்டத்தில் குதிரைமேல் வரும் ஈட்டிக்காரர் காளையின் பிடரித் தசையைக் குத்தித் தலையைத் தாழவைக்கிறார்; அடுத்து முள்முனைக் கோல்கள் இணையிணையாகச் செருகப்படுகின்றன; இறுதியில் வீரர் சிவப்புத் துணியால் காளையை நெருக்கமாகச் சுழலவிட்டு வாளால் கொல்கிறார். குதிரைகளுக்கு மெத்தைக் கவசம் கட்டாயமாகும்வரை, அதாவது 1920களின் இறுதிவரை, அவையும் ஏராளமாகக் குடல் கிழிந்து மாண்டன. வீரரின் ஆட்டம் சிறந்ததெனக் கூட்டம் வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்துக் கேட்டால், போட்டிக்குத் தலைமை வகிப்பவர் காளையின் காதொன்றைப் பரிசளிப்பார். அரிதாக வாலும் கிடைக்கும். இறந்த காளையின் இறைச்சி விற்பனைக்குப் போகிறது.

இவ்விழாக்கள் ஆண்டு முழுவதும் சங்கிலியாகத் தொடர்கின்றன. மார்ச்சில் வலென்சியா, ஏப்ரலில் செவில்யா, மே மாதத்தில் மத்ரித், ஜூலையில் பாம்ப்லோனா, ஆகஸ்டில் பில்பாவ், அக்டோபரில் சரகோசா என்று ஸ்பெயினில் பருவம் முடிய, புகழ்பெற்ற வீரர்கள் கடல் கடந்து லிமாவுக்கும், கொலம்பியாவின் காலி, மனிசாலஸ் நகரங்களுக்கும், மெக்சிகோவுக்கும் செல்வது நெடுநாள் வழக்கம்.

அச்சங்கிலியின் கண்ணிகள் இப்போது ஒவ்வொன்றாக அறுந்துவருகின்றன. கத்தலோனியாவில் கடைசிப் போட்டி 2011இல் நடந்தது. அங்கு விதிக்கப்பட்ட தடையை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் நீக்கிய பின்னும் பார்சலோனா அரங்குக்குக் காளைகள் திரும்பவில்லை. மெக்சிகோ நகரம் 2025இல் காளையைக் காயப்படுத்துவதையும் கொல்வதையும் சட்டத்தால் விலக்கியது. கொலம்பியா 2024 ஜூலையில் இயற்றிய சட்டம் மூன்றாண்டு அவகாசத்துக்குப் பின் 2027 முதல் காளைப்போரை அடியோடு நிறுத்துகிறது. அதனால் வாழ்வாதாரம் இழப்போருக்கு மாற்றுத் தொழில் காட்டும் பொறுப்பையும் அரசிடம் ஒப்படைக்கிறது.

உயிர்வதையை அறப்பணியின் பேரால் காத்துநிற்கும் வாதம் 1785இலும் வலுவற்றதே, இன்றும் வலுவற்றதே. எனினும் அந்த வாதம் வெறும் சாக்கு மட்டுமாக இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மனிசாலஸ் நகரில் நடந்துவந்த காளை விழாவின் வருவாய் அவ்வூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்தது. தடை நடைமுறைக்கு வரும்போது, அம்மருத்துவமனைக்கு வேறு வருவாய் காட்டவேண்டிய கடமை சட்டம் இயற்றியவர்களுக்கும் உண்டு.