திரையில் பிடிபடும் கடத்தல்காரர். காவல் நிலையத்தில் பதிவாகாத புகார்

புது தில்லி: நிதாரி குழந்தைகள் கொலை வழக்குகளில் எஞ்சியிருந்த கடைசித் தண்டனையையும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 11-ம் தேதி ரத்து செய்தது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 13-ம் தேதி, பெண்களும் குழந்தைகளும் கடத்தி விற்கப்படுவதைக் கதையாகக் கொண்ட 'டெல்லி கிரைம்' தொடரின் மூன்றாம் பாகம் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. தொடரில் சில மணி நேரத்தில் துப்புத் துலங்கிவிடுகிறது. நிதாரியிலோ எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின்னும், குழந்தைகளைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்குச் சட்டப்படியான விடை இல்லை.

தலைநகரின் வழக்கைத் தழுவிய இத்தகைய தொடர்களை இன்று கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள ஒரு குடும்பமும் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. பார்த்து முடித்ததும் அக்குடும்பத்தின் மனத்தில் எது தங்குகிறது? தெருவில் திரியும் அந்நியரைப் பற்றிய அச்சமா, புகாரைப் பதிவு செய்யாத காவல் நிலையத்தைப் பற்றிய கேள்வியா? இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் அல்ல. இந்த அச்சம் அண்மைக் காலத்தில் அப்பாவிகள் பலரின் உயிரைப் பறித்திருக்கிறது.

எய்ம்ஸுக்கு வந்த குழந்தை:

'டெல்லி கிரைம்' மூன்றாம் பாகத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது 2012-ல் தில்லியை உலுக்கிய வழக்கு. அந்த ஆண்டு ஜனவரி 18-ம் தேதி, தலையில் பலத்த காயமும் உடலில் மனிதப் பற்களின் தடமும் கொண்ட 2 வயதுப் பெண் குழந்தை எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. தானே தாய் என்று கூறி அதைத் தூக்கி வந்தவளோ ஒரு பதின்வயதுச் சிறுமி. மருத்துவமனையில் குழந்தைக்குச் சூட்டப்பட்ட பெயர் 'ஃபலக்'. வானம் என்பது அதன் பொருள். ஏறத்தாழ இரண்டு மாதம் போராடிய அக்குழந்தை மார்ச் 15-ம் தேதி உயிரிழந்தது.

விசாரணை பிகார், தில்லி, ராஜஸ்தான் என விரிந்தது. குழந்தையின் உண்மைத் தாய், பிகாரைச் சேர்ந்த ஏழை இளம்பெண். மறுவாழ்வு கிடைக்கும் என்று நம்பவைத்து அழைத்து வரப்பட்டு, ராஜஸ்தானில் மணப்பெண்ணாக விற்கப்பட்டவர். அவரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை பல கைகள் மாறி, பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருந்த அந்தச் சிறுமியிடம் வந்து சேர்ந்திருந்தது. கோணிப்பையுடன் வந்து குழந்தையைத் தூக்கிச் செல்லும் 'பிள்ளை பிடிப்பவர்' இந்த வழக்கில் எங்கும் இல்லை. வறுமையும், பொய் வாக்குறுதியும், பெண் குழந்தைகளை அழித்த மாநிலங்களில் மணப்பெண்ணுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடும், இடையில் நின்று காசு பார்த்த தரகர்களுமே இருந்தனர்.

ஷெஃபாலி ஷா காவல் அதிகாரியாகவும், ஹூமா குரேஷி கடத்தல் கும்பலின் தலைவியாகவும் நடித்த இத்தொடர், அந்த வலைப்பின்னலைக் காட்ட முயன்றது பாராட்டுக்குரியது. ஆயினும் துப்பறியும் கதை என்ற வடிவத்துக்கே உரிய ஒரு வரம்பு உண்டு. ஒரு தீயவர் வேண்டும். அவரைத் துரத்தும் ஒரு நேர்மையான அதிகாரி வேண்டும். தரகர் சிக்கியதும் பார்வையாளர் நிம்மதியடைகிறார். அந்தத் தரகருக்கு வழிவிட்ட வறுமையும் நிர்வாகமும் திரைக்கு வெளியே அப்படியே இருக்கின்றன.

வாங்கப்படாத புகார்கள்:

தில்லியை ஒட்டிய நொய்டாவின் நிதாரி கிராமத்தில் நடந்தது இதற்குச் சான்று. 2006 டிசம்பர் 29-ம் தேதி ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கண்டெடுக்கப்படும் வரை, அப்பகுதியிலிருந்து குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போய்க்கொண்டிருந்தனர். பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடந்தும் புகார்கள் உரிய முறையில் விசாரிக்கப்படவில்லை. 2007-ல் மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் அமைத்த குழுவும் காவல்துறையின் அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியது.

வீட்டு உரிமையாளரும் பணியாளரும் மரண தண்டனை பெற்றனர். 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பணியாளர் மீது எஞ்சியிருந்த ஒரே தண்டனையைத்தான் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீண்ட விசாரணைக்குப் பின்னும் உண்மைக் குற்றவாளியைச் சட்டம் ஏற்கும் வகையில் அடையாளம் காண முடியாமற்போனது குறித்து வருத்தம் தெரிவித்த நீதிமன்றம், புலனாய்வில் நேர்ந்த அலட்சியத்தையும் தாமதத்தையும் கண்டித்தது.

இடைப்பட்ட காலத்தில், 2024 செப்டம்பரில், நிதாரி சம்பவத்தைத் தழுவிய 'செக்டர் 36' திரைப்படம் வெளியாகிவிட்டது. கொலையாளி யார், எப்படிக் கொன்றார் என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி அதில் காட்டப்பட்டன. படம் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கராச்சியிலிருந்து வந்த காட்சி:

குழந்தைக் கடத்தலைச் சித்திரிக்கும் ஒரு நடிப்புக் காட்சி பார்வையாளரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2018-ல் நாடே கண்டது. பாகிஸ்தானின் கராச்சியில் இயங்கும் 'ரோஷ்னி' என்ற குழந்தைகள் உதவி அமைப்பு, 2016-ல் ஒரு விழிப்புணர்வுக் குறும்படம் வெளியிட்டது. தெருவில் விளையாடும் சிறுவர்களில் ஒருவனை மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தூக்கிச் செல்கின்றனர். உடனே திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, கராச்சித் தெருக்களில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் பதாகையைக் காட்டுகின்றனர்.

யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டினர். எஞ்சிய காட்சி, 'நம் ஊருக்குள் பிள்ளை பிடிப்பவர்கள் நுழைந்துவிட்டார்கள்' என்ற குறிப்புடன் வாட்ஸ்ஆப் வழியாக அந்தந்த வட்டார மொழியில் பரவியது. நாடகமாக எடுக்கப்பட்டது நேரடிச் சாட்சியமாக நம்பப்பட்டது.

2018 ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டம் குடியாத்தம் பகுதியில் வட இந்தியர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9-ம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பம் தாக்கப்பட்டது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததே அவர்கள் செய்த 'குற்றம்'. மே 23-ம் தேதி பெங்களூர் சாமராஜப்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த 26 வயது இளைஞர் கட்டி இழுத்துச் செல்லப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர். அதே மாதம் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் பலியானார். அங்கும் தொடக்கம் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்த சாக்லேட்தான்.

இறந்தவர்களிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. அவர்கள் அனைவரும் அந்த இடத்துக்குப் புதியவர்கள். வேற்று மொழி பேசியவர்கள், ஊர் ஊராகத் திரிந்து பிழைப்பவர்கள், வழிப்போக்கர்கள்.

மாரிகுப்பத்தின் இருமுக நிலை:

இந்தச் சம்பவங்களின் வரைபடத்தில் தங்கவயல் நடுவில் இருக்கிறது. கிழக்கே வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், மேற்கே பெங்களூர். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களே, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களே, பாதாளத்தில் இறங்கித் தங்கம் எடுத்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய மாரிகுப்பம், உரிகம், சாம்பியன் பகுதிவாசிகள். தமிழகத்து உறவினரிடமிருந்து தமிழிலும், பெங்களூரில் உடன் வேலை செய்வோரிடமிருந்து கன்னடத்திலும் ஒரே வதந்தி வந்து சேரக்கூடிய ஊர் இது.

2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, ரயில்தான் இம்மக்களின் பிழைப்பு. கிளைப்பாதையின் கடைசி நிலையமான மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் அதிகாலையில் கிளம்பி இரவில் வீடு திரும்புகின்றனர். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட்டால், பிள்ளைகள் பாட்டி தாத்தாவின் பொறுப்பில்தான் வளர வேண்டும். குழந்தைக் கடத்தல் காட்சி இப்பெற்றோரை மற்றவர்களைவிடக் கூடுதலாக அச்சுறுத்துவதில் வியப்பில்லை.

ஆனால் அதே தொழிலாளி பெங்களூரில் இறங்கியதும், தனக்கு அறிமுகமற்ற தெருவில், வேற்று மொழி பேசுகிற வெளியூர்க்காரராகிவிடுகிறார். சாமராஜப்பேட்டையில் கொல்லப்பட்ட ராஜஸ்தான் இளைஞரும் கூலி வேலைக்காக அந்நகருக்கு வந்தவர்தான். காட்சியைப் பார்த்து அஞ்சும் பெற்றோராகவும், அந்த அச்சத்துக்கு இரையாகக்கூடிய அந்நியராகவும் ஒரே நேரத்தில் வாழ்பவர்கள் மாரிகுப்பத்து மக்கள். நிதாரியில் பிள்ளைகளை இழந்தவர்களும் இவர்களைப் போலவே பிழைப்புக்காக ஊர் கடந்தவர்கள்தாம் என்பது குறிப்பிடத்தக்கது.

எண்கள் கூறுவது:

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டில் நாடு முழுவதும் 83,350 குழந்தைகள் காணாமற்போயினர். அவர்களில் 62,946 பேர் சிறுமியர்; அதாவது நான்கில் மூன்று பங்கு. முந்தைய ஆண்டுகளில் தொலைந்தவர்கள் உள்பட 80,561 குழந்தைகள் அவ்வாண்டில் மீட்கப்பட்டனர். காணாமற்போவோர் அனைவரும் கடத்தப்பட்டவர்கள் அல்லர். வீட்டுக் கொடுமை தாங்காமல் வெளியேறியோர், வேலை ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டோர், திருமணத்துக்காக விற்கப்பட்டோர் எனப் பலரும் இதில் அடக்கம். பலரை ஏமாற்றி அழைத்துச் செல்வது முன்பின் தெரியாதவர் அல்லர், உறவினரோ அறிமுகமானவரோதான்.

சட்டம் இருக்கிறது:

காணாமற்போன குழந்தை பற்றிய புகார் எதுவாயினும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும், கடத்தல் நடந்திருப்பதாகவே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10-ம் தேதி உத்தரவிட்டது. 'பச்பன் பசாவோ ஆந்தோலன்' அமைப்பு தொடர்ந்த வழக்கில் தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் தலைமையிலான அமர்வு இதனைப் பிறப்பித்தது. நான்கு மாதத்துக்குள் குழந்தை கிடைக்காவிடில் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதும் விதி.

எல்லை எங்களுடையது அல்ல என்று கூறிப் புகார்தாரரைத் திருப்பியனுப்பவும் இனி வழியில்லை. 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வகை செய்கிறது. வீடு தங்கவயலில், வேலை பெங்களூரில், நடுவே ரயில்வே காவல் எல்லை என வாழும் மக்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறில்லை.

2025 ஏப்ரல் 15-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, உத்தரப் பிரதேசக் குழந்தைக் கடத்தல் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டோரின் ஜாமீனை ரத்து செய்தது. மருத்துவமனையிலிருந்து பச்சிளம் குழந்தை கடத்தப்பட்டால் அதன் உரிமத்தை இடைநிறுத்த வேண்டும், குழந்தைக் கடத்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் கூறியது.

கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று 2018 ஜூலை 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, இனம், சாதி, பிறப்பிடம், மொழி உள்ளிட்ட காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது.

பார்வையாளரை நோக்கித் திரும்பிய கதைகள்:

எல்லாப் படைப்புகளும் ஒரே தவறைச் செய்வதில்லை. 2025 ஜூனில் அமேசான் பிரைமில் வெளியான 'ஸ்டோலன்' திரைப்படத்தில் ரயில் நிலைய நடைமேடையிலிருந்து ஒரு பச்சைக் குழந்தை களவாடப்படுகிறது. தாய்க்கு உதவ முன்வரும் சகோதரர் இருவரையே கடத்தல்காரர்களாகக் காட்டும் ஒரு காட்சி கைப்பேசிகளில் பரவ, கும்பல் அவர்களைத் துரத்துகிறது. 2018 ஜூன் 8-ம் தேதி அசாமின் கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் இளைஞர் இருவர் இத்தகைய வதந்தியால் கொல்லப்பட்ட சம்பவமே இதற்குத் தூண்டுதல். தமிழில் 2022-ல் வந்த 'சுழல்' தொடரும், ஆலைத் தொழிலாளர்கள் வாழும் சிற்றூரில் ஒரு சிறுமி காணாமற்போவதில் தொடங்கி, விடையைத் தெருவில் அல்லாமல் வீட்டுக்குள் தேடவைத்தது.

திரைக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தைத் தங்கவயல் மக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் வெளியாகி நாடெங்கும் வசூலைக் குவித்த 'கேஜிஎஃப்' திரைப்படம் அவர்களின் ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்தது. சயனைடு மண்மேடுகளிலேயே காட்சிகள் படமாக்கப்பட்டன. ஆனால் நூறாண்டுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளியின் வரலாறு அதில் இல்லை. தங்கள் ஊரைப் பற்றிய படத்தை முழுமையாக நம்பாத அதே விழிப்புடன், கைப்பேசிக்கு வரும் கடத்தல் காட்சியையும் அவர்கள் அணுக முடியும்.

குழந்தை காணாமற்போனால் செய்ய வேண்டியவை சிலவே. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, ரயிலில் என்றால் 139 என்ற எண்களை அழைக்கலாம். புகாரை ஏற்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பச் சட்டம் உரிமை தருகிறது. வாட்ஸ்ஆப்பில் வரும் காட்சியைப் பகிர்வதற்கு முன், அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் காணாமற்போன குழந்தைகள் பற்றி எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனை பதிவாயின, நான்கு மாதம் கடந்தவை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சென்றனவா என்று சட்டப்பேரவை உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. நிதாரியில் இந்தக் கேள்வி உரிய காலத்தில் எழுந்திருந்தால், காணாமற்போன முதல் சில குழந்தைகளுக்குப் பின் வந்த பிள்ளைகளாவது காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும்.