தோட்டமும் காடும்

தோட்டத்து மேட்டில் நின்று எத்திசை நோக்கினும் பசுமையே தெரிகிறது. ஆயினும் பசுமையானவை எல்லாம் காடாகிவிடா. பால்மரமும் செம்பனையும் நிரை நிரையாக நிற்கும் இடம் தோட்டம். அது நமக்குச் சோறிடும் நிலம்; அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், காடு ஆற்றும் பணியைத் தோட்டம் ஆற்ற இயலாது. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1876-இல் பிரேசிலிலிருந்து அதன் விதைகள் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் முன்னோரைப் போலவே இவ்விரு மரங்களும் கடல் கடந்து வந்தவை.

இந்நாட்டுக் காடு அவ்வாறன்று. நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனக்காப்பகத்தில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, விரல் பருமனுள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் ஆய்வாளர்கள் எண்ணினர். 1980-களில் நடந்த முதற் கணக்கெடுப்பில் 800-க்கும் மேற்பட்ட மரவினங்கள் காணப்பட்டன. அதே பரப்புள்ள தோட்டத்தில் நாம் நட்டிருப்பது ஒரே இனம்.

மரம் தனித்து வாழ்வதில்லை. அதற்குத் துணை வேண்டும். முன்னாளில் செம்பனைப் பூக்களுக்குப் பெண்கள் கையாலேயே மகரந்தம் தூவியதைப் பெரியோர் அறிவர். அப்பணியைச் செய்யும் சிறு வண்டு 1981-இல் கெமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட பின்னரே அவ்வேலை நின்றது. நம் டுரியான் பூக்களுக்கும் அத்தகைய துணை உண்டு. அது பத்துமலைக் குகை போன்ற இடங்களில் வாழும் தேனுண்ணும் வௌவால். இரவில் பல கிலோமீட்டர் பறந்து, காட்டு மரங்களிலும் அலையாத்தி மரங்களிலும் தேன் தேடும். டுரியான் பூக்காத மாதங்களில் அதற்கு உணவளிப்பவை அம்மரங்களே. அவை அழிந்தால் வௌவாலும் குன்றும். டுரியான் காய்ப்பும் குன்றும்.

காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் முறையும் வியப்புக்குரியது. மெராந்தி, கெருயிங் முதலிய பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் காய்க்கும். இறகு முளைத்த விதைகள் சுழன்று சுழன்று விழும். அவை அளவின்றி விழுவதால், பன்றியும் பூச்சியும் தின்றது போகவும் சில எஞ்சி முளைக்கும். இவ்விதைகளை நெல்லைப்போல் சேமித்துவைக்க இயலாது. சில வாரங்களுக்குள் முளைக்காவிடில் இறந்துவிடும். முளைத்த கன்றுகள் பெருமரங்களின் நிழலில் பல்லாண்டுகள் காத்திருந்து, முதியதொரு மரம் சாய்ந்து ஒளி விழும்போது விரைந்து வளரும். ஆகவே, தாய்மரத்தையும் கன்றையும் ஒருசேர அழித்துவிட்டால், அவ்வினம் மீண்டும் முளைக்க அம்மண்ணில் விதையே இராது.

காட்டின் பயனை நம் ஆற்றிலும் காணலாம். காட்டில் பெய்யும் மழை இலைகளில் தங்கி, சருகில் இறங்கி, மெல்ல மண்ணுக்குள் செல்கிறது. அந்நீரே வறண்ட மாதங்களிலும் ஊற்றாகச் சுரக்கிறது. மரமற்ற சரிவிலோ மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. புதுக்கன்று நடும்போது கொடிப்பயிரால் நிலத்தை மூடுவது இவ்விழப்பைக் குறைக்கவே.

அழிந்த காட்டை மீட்க முடியாதா? முடியும். கெப்போங்கில் ஈயச் சுரங்கத்தால் பாழான நிலத்தில் 1920-களில் இந்நாட்டு மரங்களை நடத் தொடங்கினர். இன்று அங்கே அடர்ந்த காடு நிற்கிறது. 2025-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால், இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. வெட்டுவதற்கோ சில நாள்கள் போதும்!

எனவே, எஞ்சியுள்ள காட்டைக் காப்பதே அறிவுடைமை. ஆற்றோர மரங்களை விறகுக்காக வெட்டலாகாது. ஓடையருகே களைக்கொல்லி தெளித்தல் கூடாது. வறண்ட நாள்களில் காட்டோரம் தீயிடுதல் பெருந்தவறு. வௌவாலைக் கல்லெறிந்து கொல்வது நம் டுரியானை நாமே அழிப்பதற்கு ஒப்பாகும். பெற்றோர் இவற்றைக் கடைப்பிடித்துக் காட்டினால் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். தோட்டம் இன்றைய உணவு. காடு நாளைய நீர். இரண்டையும் பேணி நம் மக்களிடம் ஒப்படைப்பது நம் அனைவரின் கடமையாகும்.