எங்கே தட்டினால் மனம் அடங்கும்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பேத்திக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறதாம். கைப்பேசியைப் பார்த்து முகத்திலும் நெஞ்சிலும் விரலால் தட்டிக்கொள்கிறாள், சற்று நேரத்தில் தெளிந்துவிடுகிறாள். “இது வைத்தியம்தானா? இடம் மாறித் தட்டினால் ஏதும் ஆகிவிடுமா?” என்று கேட்கிறார்.

இதன் வேர் அக்குபிரஷர். அதைப் பற்றி ஈப்போக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சின்சே எனும் சீன வைத்தியர்களின் கடைகளில் புள்ளி குத்திய உடற்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புள்ளிகளை அழுத்துவதற்குப் பதில் தட்டுவதும், தட்டும்போதே மனத்தை அரிப்பதை வாய்விட்டுச் சொல்வதும்தான் இதில் புதிது. 1980 வாக்கில் ரோஜர் கல்லஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தண்ணீருக்கு அஞ்சி நடுங்கிய ஒரு பெண்ணைக் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னதில் இது தொடங்கியது. எந்தத் தொல்லைக்கு எந்த வரிசையில் தட்டுவது என்று அவர் தனித்தனியே வகுத்திருந்தார். அவரிடம் பயின்ற பொறியியலாளர் கேரி கிரெய்க் 1990களில் அவற்றையெல்லாம் ஒரே வரிசையாகச் சுருக்கினார்.

செய்முறை எளிது. மனத்திலுள்ள பயத்துக்கு முதலில் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை விளிம்பில் சதைப்பற்றாக இருக்கும் இடத்தை மற்றக் கையின் விரல்களால் தட்டியபடி, “கணக்குத் தேர்வை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, ஆனாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு புருவத்தின் தொடக்கம், கண்ணின் வெளியோரம், கண்ணுக்குக் கீழுள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடு, முகவாய்க் குழி, காறை எலும்பின் கீழ், அக்குளுக்குச் சற்றுக் கீழே, உச்சந்தலை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு தட்டு. முடிந்ததும் மறுபடியும் மதிப்பெண். எட்டு ஐந்தாகியிருந்தால் இன்னொரு சுற்று.

பலன் உண்டா? 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 83 பேர் பங்கேற்றார்கள். தட்டிக்கொண்டவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசோல் சராசரியாக 24 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் ஆய்வை நடத்தியவரே இந்த முறையைப் பரப்பிவருபவர் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறோர் ஆய்வு. 2003-இல் கனடாவில் வெயிட், ஹோல்டர் என்ற இருவர் 119 பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்தார்கள். ஒரு குழு உரிய புள்ளிகளில் தட்டியது. இன்னொரு குழு புள்ளியே இல்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு தன் உடம்பைத் தொடவேயில்லை. ஒரு பொம்மையைத் தட்டியது! மூன்று குழுவுக்கும் பயம் தணிந்தது. எதையும் தட்டாத நான்காவது குழுவுக்குத்தான் அப்படித் தணியவில்லை. பொம்மையைத் தட்டும் விரல் நுனியிலும் புள்ளி இருக்கிறதே என்று இம்முறையை ஆதரிப்பவர்கள் வாதாடுகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் வாசகியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: அம்மா, இடம் அரை அங்குலம் மாறினால் ஒன்றும் ஆகாது.

எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்தால் இது எனக்கு வியப்பாகவே இல்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளை ஏணையில் போட்டு ஆயா தட்டுவார். தொடையா முதுகா என்று எந்தப் பிள்ளையும் கணக்குப் பார்க்கவில்லை. தாளம் தப்பாத கையும் கூடவே ஒலித்த குரலும் போதுமாயிருந்தன. தட்டிக்கொள்வதிலும் உடம்புக்கு ஒரு சீரான தாளம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பயத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். பலன் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே இதைக் கற்க நூற்றுக்கணக்கான ரிங்கிட் கட்டும் வகுப்பு வேண்டாம். “மாத்திரையை நிறுத்திவிட்டுத் தட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆறாத பெருந்துயரம் உள்ளவர்கள் தனியே இருந்து அதைக் கிளறவும் கூடாது.

பேராக்கில் அப்படிப்பட்ட துயரம் நிறைய உண்டு. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது லயத்து வீட்டையும் கோயிலையும் அண்டை வீட்டாரையும் ஒரேயடியாக இழந்தவர்கள் நம்மவர்கள். அந்த இழப்பை அவர்கள் உட்கார்ந்து பேசியதில்லை. “நெஞ்சை அடைக்குது”, “தூக்கம் வரல” என்பதோடு பேச்சு நின்றுவிடும். மிச்சத்தைச் சாராயப் புட்டி பார்த்துக்கொண்டது. 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023 தேசிய ஆய்வில் அது 4.6 ஆகிவிட்டது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர்.

இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தானில் இயங்கும் மனநல மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். “அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு” என்று சிரிக்கும் ஒவ்வொரு முறையும், உதவி தேடக் கிளம்பிய ஒருவரின் காலைக் கட்டிப்போடுகிறோம். அந்தச் சொல்லை இனி நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் விழவிடக் கூடாது.

பேத்தி தட்டிக்கொள்ளட்டும், அம்மா. அவள் வாய்விட்டுச் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சில வாரங்களாகியும் நடுக்கம் விடவில்லையா, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறதா, அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்; கட்டணம் ஒரு ரிங்கிட்தான். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகக் கூச்சப்படாத நாம், கலங்கிய மனத்துக்குப் போகவும் கூச்சப்பட வேண்டியதில்லை.