புராஸ்டேட் ஆபரேஷன் முடிஞ்சாச்சா? வேலைக்கு எப்போ திரும்பலாம்?

புராஸ்டேட் வீக்கத்துக்கான 'டியூஆர்பி' ஆபரேஷனில் வயிற்றில் கத்தி படாது. சிறுநீர்ப் பாதை வழியாகவே அடைப்பைச் சுரண்டி எடுப்பார்கள். வெளியே தையல் இல்லாததால், பத்தே நாளில் 'எல்லாம் சரியாகிடுச்சு' என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே புண் ஆற 4 முதல் 6 வாரம் ஆகும்.

என்ன செய்யலாம்?
வீட்டுக்கு வந்ததும் மெதுவாக நடக்கலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 2-3 வாரத்தில் திரும்பலாம்.

எதைத் தவிர்க்கணும்?
தண்ணீர்க் குடம், சிலிண்டர், மூட்டை தூக்குவது, சைக்கிள், பைக் ஓட்டுவது, மலம் கழிக்க முக்குவது. இவற்றால் புண் மறுபடி கசியலாம்.

எப்போது உஷாராகணும்?
இரண்டு வாரம் கழித்தும் சிறுநீர் லேசாகச் சிவக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ரத்தக்கட்டி, சிறுநீர் அடைப்பு, காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

புற்றுநோய்க்காகச் சுரப்பியையே அகற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்லும் நாள்தான் கணக்கு.